ரைன் நதிக்கரையில் ஒரு பழம்பதி



பழைய ஊர்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கல்லையும் மரத்தையும் கண்டு திரும்புகின்றனர். கோட்டை எத்தனை அடி உயரம், வீடு எந்த நூற்றாண்டில் எழுந்தது என்று கேட்டறிந்து மனநிறைவு கொள்கின்றனர். ஆயினும் சில ஊர்களில் கல்லைக் காட்டிலும் நெடுங்காலம் நிலைத்து நிற்பது, அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதையேயாகும். அக்கதை மெய்யா பொய்யா, அதனால் நன்மை பெற்றவர் யார், தீங்குற்றவர் யார் என்று கேட்பதும் பயணியின் கடமைகளுள் ஒன்று. சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வினாவில் தனி ஆர்வம் உண்டு. ஜெர்மனி நாட்டில், ரைன் நதியின் கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள பாகராக் என்னும் சிற்றூரைப் பற்றி அவ்வகையில் சில செய்திகளை இன்று சொல்ல விரும்புகின்றோம்.

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அலுவல் நிமித்தம் பிராங்க்பர்ட் நகருக்குச் சென்றிருந்தோம். ஒருநாள் ஓய்வு கிடைத்தது. மைன்ஸ் நகரில் வண்டி மாறி, நதியின் இடக்கரையை ஒட்டிச் செல்லும் இருப்புப் பாதையில் பயணம் செய்தோம். பிங்கன் என்னும் ஊர் வரையில் அகன்று பரந்து கிடக்கும் ரைன் நதி, அவ்வூரைக் கடந்ததும் மலைகளுக்கிடையே ஒடுங்கி ஓடத் தொடங்குகிறது. அங்கிருந்து கோப்லன்ஸ் நகர் வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளத்துக்கு இருபுறமும் செங்குத்தான சரிவுகள், சரிவெங்கும் திராட்சைக் கொடிகள், சிகரந்தோறும் ஒரு கோட்டை. இப்பள்ளத்தாக்கு முழுவதையும் 2002ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அப்பகுதியில் உள்ளதே பாகராக். அங்கு வாழும் மக்கள் தொகை 2000க்கும் குறைவு.

நிலையத்தில் இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் ஊருக்குள் இருப்போம். 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மதில் இன்றும் பெரும்பகுதி நிற்கின்றது. அதன்மேல் ஏறி நடக்கவும் வழி உண்டு. ஒருபுறம் ஊரின் கூரைகள். மறுபுறம் இருப்புப் பாதை, நெடுஞ்சாலை, அதற்கப்பால் நதி. நதிப்பக்க வாயில்களுள் ஒன்றுக்குப் பளுதூக்கி வாயில் என்னும் பொருள்படப் பெயர் வழங்குகிறது. மதுப் பீப்பாய்களைக் கப்பலில் ஏற்றிய பொறி முன்னாளில் அங்கே நின்றது. கடைவீதியில் 1368ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனச் சொல்லப்படும் ஒரு மரவீடு உள்ளது. தடித்த மரச்சட்டங்களை நேராகவும் சாய்வாகவும் நாட்டி, இடைவெளிகளை மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு அடைத்துக் கட்டுவது இப்பகுதியின் பழைய முறை. அத்தகைய வீடுகள் தெருவின் இருமருங்கிலும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

இவ்வூரைப் பற்றிய முதற்கதை அதன் பெயரில் அடங்கியுள்ளது. உரோமானியரின் மதுத் தெய்வமாகிய பாக்கஸின் பலிபீடம் என்று பொருள்படும் இலத்தீன் தொடரே பாகராக் எனத் திரிந்தது என்பர். ஆற்றில் நீர் மிகத் தாழ்ந்தபோது மட்டும் தலைகாட்டும் ஒரு பாறையே அப்பலிபீடம் என்றும், அப்பாறை தெரியும் ஆண்டில் திராட்சை நன்கு விளையும் என்றும் முன்னோர் நம்பினர். மொழியறிஞர் இதனை ஏற்பதில்லை. இப்பெயர் உரோமானியருக்கும் முற்பட்ட கெல்டிய மக்களின் மொழியிலிருந்து வந்ததென்பது அவர்கள் முடிபு. ஆயினும் இக்கதையால் யாருக்கும் தீங்கில்லை. மழை குறைந்து வெயில் மிகுந்தால் ஆறு வற்றும், பழம் இனிக்கும் என்னும் உழவர் அறிவும் அதில் கலந்திருக்கின்றது.

இரண்டாவது கதை வாணிகத்தைச் சார்ந்தது. இடைக்காலத்தில் பாகராக் மது என்றால் ஐரோப்பாவின் பல நாடுகளில் தனி மதிப்பு இருந்தது. ஆனால் அப்பெயரில் விற்ற மதுவெல்லாம் இவ்வூரில் விளைந்ததன்று. பிங்கன் அருகே நதியின் குறுக்கே கடினமான பாறைத் தொடர் ஒன்று கிடந்தது. பெரிய கப்பல்கள் அதனைக் கடக்க இயலாது. ஆதலின் மேற்பகுதிகளில் விளைந்த மதுவைச் சிறு படகுகளில் ஏற்றி அவ்விடுக்கைக் கடந்து வந்து, பாகராக் துறையில் பெரிய கப்பல்களுக்கு மாற்றினர். அங்கிருந்து கொலோன் நகருக்கும் அதற்கப்பாலும் சென்ற சரக்கு, ஏறிய துறையின் பெயரையே தன் பெயராகப் பெற்றது. சுங்கம் தண்டிய பிரபுக்களும், சரக்கு மாற்றிய வணிகரும், சுமை தூக்கிய கூலியாட்களும் இதனால் வாழ்ந்தனர். பின்னாளில் அப்பாறைகளை வெடிவைத்து உடைத்து வழியை அகலப்படுத்தினர். கப்பல்கள் நில்லாமல் சென்றன. துறையின் செல்வம் தேய்ந்தது. பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டும் வசதி குறைந்தமையும் அவை தப்பியமைக்கு ஒரு காரணம் எனலாம். இன்று நாம் வியந்து நோக்கும் அழகில் ஒரு பங்கு வறுமை காத்துத் தந்தது.

நாம் சென்ற ஆண்டில் கோடைமழை பொய்த்திருந்தது. நதி மெலிந்து, கரையோரக் கற்கள் வெளிப்பட்டுக் கிடந்தன. பாகராக்கிற்குச் சற்றுக் கீழே எதிர்க்கரையில் உள்ள கௌப் என்னும் ஊரின் அளவுகோல் அம்மாதம் 22ஆம் நாள் 25 சென்டிமீட்டர் காட்டியது. அந்த எண் கப்பல் செல்லும் பகுதியின் முழு ஆழம் அன்று. எனினும் அங்கு அதுவரை பதிவான அளவுகளுள் அதுவே மிகத் தாழ்ந்தது. சரக்குக் கப்பல்கள் தம் கொள்ளளவில் ஒரு பகுதியையே ஏற்றிச் சென்றன. திராட்சை அறுவடையோ வழக்கத்துக்கு முன்னதாகவே முடியும் நிலையில் இருந்தது. விளைச்சல் மிக நன்று என்று ஊரார் மகிழ்ந்தனர். பாறைக் கதையைச் சொல்லிய முன்னோர் இவ்வொன்றில் தவறவில்லை.

ஊருக்கு மேலுள்ள சரிவுகளில் சிலேட்டுக் கல் துண்டுகள் நிறைந்த மண் காணப்படுகிறது. பகலில் வெயிலின் சூட்டை உள்வாங்கும் அக்கற்கள் இரவில் அதனைக் கொடிகளுக்கு மெல்ல அளிக்கின்றன. ரீஸ்லிங் என்னும் வெண்திராட்சை வகையே இங்குச் சிறப்பாகப் பயிராகின்றது. ஆனால் சரிவு மிகுதியால் ஏரோ இயந்திரமோ எளிதில் ஏறாது. பெரும்பாலும் கையால் செய்யும் வேளாண்மை. இவ்வுழைப்புக்கு ஏற்ற ஊதியம் கிட்டாமையால் பலர் தோட்டங்களைக் கைவிட்டனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடு ரைன் பகுதியில் 2000 ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சைப் பரப்பு இன்று 500 ஹெக்டேருக்கும் குறைந்துவிட்டது. பழைய கல்வரப்புகள் பலவற்றில் முட்புதர் மண்டிக் கிடக்கின்றது. நாம் நண்பகல் உணவுக்குச் சென்ற விடுதியின் மூதாட்டி, நாம் மது அருந்துவதில்லை என்று அறிந்ததும் சிறிதும் முகம் சுளிக்காமல், தம் தோட்டத்துப் பழச்சாற்றை ஒரு குவளையில் கொண்டுவந்து வைத்தார். அவர் பிள்ளைகள் நகரங்களில் வேலை பார்க்கின்றனராம். உழவர் வீட்டுக் கவலை எங்கும் ஒன்றாகவே இருக்கின்றது.

இனி, மூன்றாவது கதைக்கு வருவோம். கடைவீதியில் உள்ள பழைய தேவாலயத்தின் பக்கத்திலிருந்து படிக்கட்டு ஒன்று மலைமேல் ஏறுகின்றது. பாதி வழியில் செந்நிறக் கல்லாலான ஒரு சிறு கோயிலின் சிதைவு நிற்கின்றது. அதற்குக் கூரை இல்லை. சாளரங்களில் கண்ணாடி இல்லை. உயர்ந்த கூர்வளைவுச் சாளரங்களின் மெல்லிய கல்வேலைப்பாட்டின் ஊடே வானமும் நதியும் தெரிகின்றன. இதற்கு மேலே சிகரத்தில் ஸ்டாலெக் கோட்டை உள்ளது. 1689ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படையினர் அக்கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தபோது, சரிந்து விழுந்த இடிபாடுகள் இக்கோயிலையும் சிதைத்தன. கோட்டையை 20ஆம் நூற்றாண்டில் புதுப்பித்து இளைஞர் விடுதியாக்கினர். கோயிலைச் சிதைவாகவே விட்டுவிட்டனர். விக்தர் ஹியூகோ முதலிய எழுத்தாளர்கள் இதன் அழகில் மனம் பறிகொடுத்தனர். ஓவியர் பலர் இதனைத் தீட்டினர்.

இக்கோயிலுக்கு வெர்னர் கோயில் என்று பெயர். வெர்னர் என்பவன் கூலி வேலை செய்து பிழைத்த ஏழை இளைஞன். 1287ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அவன் உடல் பாகராக் அருகே கிடக்கக் கண்டனர். கொன்றவர் யார் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. ஆயினும், யூதர்கள் தம் சமயச் சடங்குக்காகக் கிறிஸ்தவச் சிறுவரைக் கொல்கின்றனர் என்னும் கொடிய பழி ஒன்று 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றி ஐரோப்பா எங்கும் பரவியிருந்தது. அப்பழியை இவ்விளைஞனின் சாவோடு ஒட்டவைத்தனர். அதன் விளைவாக ரைன், மோசல் ஆகிய நதிகளின் கரையூர்கள் பலவற்றில் யூதக் குடும்பங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றனர். அவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். தலைமுறைகளாக அதே தெருக்களில் வாழ்ந்து, அதே ஆற்றில் நீர் மொண்டவர்கள்.

அந்நாளைய மன்னர் ருடால்ப், இக்குற்றச்சாட்டு பொய்யெனக் கண்டார். கொலைகாரர் மீது தண்டம் விதித்தார். அவ்விளைஞனின் கல்லறை வழிபாட்டிடம் ஆகிவிடாதபடி உடலை எரித்துவிடுமாறும் ஆணையிட்டார். ஆணை நிறைவேறவில்லை. கல்லறைக்கு யாத்திரிகர் வந்தனர், காணிக்கை குவிந்தது, கோயில் எழுந்தது. அரசனது தீர்ப்பு ஏட்டில் நின்றது. வதந்தியோ கல்லாகிக் குன்றில் நின்றது. அதனை அழகிய சிற்பவேலை தாங்கிற்று என்பதே நம் நெஞ்சை உறுத்தும் செய்தி.

வதந்திக்கு வாழ்நாள் மிகுதி. யூதக் குடும்பத்தில் பிறந்த ஜெர்மானியக் கவிஞர் ஹைன்றிக் ஹைனே, இவ்வூர் மதகுரு ஒருவரும் அவர் மனைவியும் இப்பழிக்கு அஞ்சி இரவில் படகேறித் தப்பியோடுவதாக ஒரு கதையை 1824ஆம் ஆண்டிலேயே எழுதத் தொடங்கினார். 1840ஆம் ஆண்டில் டமாஸ்கஸ் நகர யூதர்மேல் அதே பழி மீண்டும் எழுந்தபோது, முற்றுப்பெறாத அக்கதையை அவ்வாறே வெளியிட்டார். 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் நாஜிகளின் ஏடாகிய டெர் ஷ்டூர்மர் இப்பழியையே பொருளாக்கித் தனி இதழ் கொணர்ந்தது. அதன்பின் விளைந்ததை உலகம் அறியும். வெர்னர் திருநாளைத் தம் நாட்காட்டியிலிருந்து திரியர் மறைமாவட்டத்தார் நீக்கியது 1963ஆம் ஆண்டில்தான். இளைஞன் இறந்து அப்போது 676 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இன்று பாகராக் ஊரார் இச்சிதைவை இடித்துவிடவில்லை, மறைத்துவைக்கவும் இல்லை. அதனைப் பழுதுபார்த்துக் காத்து, அதன் அருகிலேயே உண்மையைச் சொல்லும் நினைவுப் பலகை ஒன்றையும் வைத்துள்ளனர். படமெடுக்க வருவோரில் எத்தனை பேர் அப்பலகையைப் படிக்கின்றனர் என்பது வேறு. நாம் அங்கு நின்ற அரைமணி நேரத்தில் படித்தவர் சிலரே. ஆனால் படிக்க விரும்புவோருக்கு அது அங்கே இருக்கின்றது. தம் ஊரின் மிக அழகிய கட்டடத்தின் பக்கத்திலேயே அதன் பிறப்பில் உள்ள மாசையும் எழுதிவைப்பதற்கு ஒரு மனத்திட்பம் வேண்டும்.

நேயர்களுள் பலர், நம்மைப் போலவே, பிறந்த ஊரைவிட்டு வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் வாழ்பவர்கள். அண்டை வீட்டாரின் நல்லெண்ணமே நமக்கு மதில். எங்கேனும் ஓர் அசம்பாவிதம் நிகழ்ந்து, "அவர்கள்தாம் செய்திருப்பார்கள்" என்று தெருமுனையில் ஒரு குரல் எழும்போது, அந்த "அவர்கள்" என்னும் சொல்லுக்குள் யார் வேண்டுமாயினும் அகப்படலாம். இன்று நாம், நாளை நமக்குப் பின் அவ்வூருக்குப் பிழைக்க வந்த வேறொருவர். அவ்வேளையில் நாம் கேட்போர் கூட்டத்தில் இருப்பின் நமக்கும் ஒரு கடமை உண்டு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் வீட்டுப் பழமொழி. 1287ஆம் ஆண்டில் அந்நதிக்கரையில், "கண்டவர் யார்?" என்று கேட்கும் குரல்கள் போதுமான அளவு எழவில்லை. தெளிந்த தீர்ப்பு அரசனிடமிருந்து வந்தபோது காலம் கடந்துவிட்டது.

பாகராக்கைக் காண விரும்புவோருக்குச் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. கொடிகள் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறும் காலம் அது. மதிலின்மேல் நடவுங்கள், மரவீடுகளைப் பாருங்கள், மதுத் தெய்வத்தின் பாறைக் கதையைக் கேட்டு மகிழுங்கள். படியேறிச் செல்லும்போது அப்பலகையின் முன் சற்றே நின்று படியுங்கள். ஜெர்மன் மொழி தெரியாதெனில் உடன்வரும் எவரையேனும் பெயர்த்துச் சொல்லக் கேளுங்கள்.