தமக்குப் பயன்படாத மருந்து

முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தை இன்சுலினைக் கொண்டே வாழ்கிறது. இன்சுலின் உயிரைக் காக்கும், நோயை நீக்காது. இனிப்புத் தின்றதால் வரும் நோயும் அல்ல இது.

1970-இல் அமெரிக்காவில் இக்குழந்தைகளின் பெற்றோர் சிலர், ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நாமோ, தவக்கால உண்டியலில் போட்ட காசு என்ன ஆயிற்று என்று உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்பே கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. ஆனால், அந்த நிதியும் துணைநின்ற டெப்லிசுமாப் என்னும் மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது 2022-இல்தான். நோய் வரவிருப்போருக்கு அதை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடும் மருந்து அது. ஏற்கெனவே நோய் முற்றியவர்களுக்கு உதவாது. தொடங்கிவைத்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு நாள் ஊசிகூடக் குறையவில்லை. முழுக் குணத்திற்கான ஆராய்ச்சி இன்னும் மீதமிருக்கிறது. அதற்காக அந்த அமைப்பு இன்றும் கையேந்துகிறது.