தழும்பும் கணக்கும்



அடிபட்ட பிள்ளை அடிக்கும் ஆண்மகனாக வளர்வான் என்பது எழுத்துலகில் நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. கொடியவனைப் படைக்கும் கதாசிரியர் அவன் முதுகில் ஒரு பழைய தழும்பையும் வரைந்துவிடுகிறார்.

இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுள் ஒருவர் அமெரிக்க உளவியலறிஞர் கேத்தி ஸ்பாட்ஸ் விடம். 1967 முதல் 1971 வரை நீதிமன்ற ஆவணங்களில் பதிவான, வதைக்கப்பட்ட அல்லது கவனிப்பின்றி விடப்பட்ட 908 பிள்ளைகளையும், அகவை, பால், இனம் முதலியவற்றில் அவர்களை ஒத்த 667 பேரையும் அவர் பின்தொடர்ந்தார். 1989இல் வெளியான முடிவு இது: வன்குற்றத்திற்காகக் கைதானோர் முதற்குழுவில் 11 விழுக்காடு, மற்றதில் 8. இரு குழுவிலும் ஆண்களே மிகுதி.

தொடர்பு உண்டு, அது தலைவிதி அன்று. வதையுண்ட நூற்றுவரில் ஏறத்தாழத் தொண்ணூற்றுவர்மீது அத்தகைய கைது பதிவாகவில்லை. (காவல்நிலையம் வரை வராத வீட்டுக் கொடுமை இவ்வெண்ணிக்கையில் அடங்காது என்பதையும் மறத்தலாகாது.) இன்றிரவு அடிவாங்கும் சிறுவன் அத்தழும்புக் கதையைப் படிப்பானாயின், தன் எதிர்காலமாக எதைக் காண்பான்? அடியை வாங்கிக்கொண்டு, பிறர்மேல் கையோங்காமலே முதுமையெய்திய ஆடவன் கவிதைக்குள் வருவது அரிதாகவே இருக்கிறது.

அவ்வாய்வு மற்றொன்றும் கூறிற்று. அடியே படாமல், உணவும் உடையும் கவனிப்பும் மறுக்கப்பட்ட பிள்ளைகளிடத்தும் வன்குற்றக் கைது மிகுந்திருந்தது. அவர்கள் முதுகில் எழுத்தாளர் வரைவதற்குத் தழும்பு ஏதும் இல்லை.