மாகாணத்தின் கையில் மாநகரம்



கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் நகராட்சிகளை மாகாணங்களின் அதிகாரத்துக்குள் வைத்துள்ளது. ஒன்ராறியோவில் உள்ள 444 நகராட்சிகளையும் இணைக்கவோ கலைக்கவோ மாகாண அரசால் இயலும்.

தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோ, 1997ஆம் ஆண்டின் இறுதிவரை தனக்கென முதல்வரும் சபையும் கொண்ட தனி நகரம். அவ்வாண்டு நடந்த வாக்கெடுப்புகளில் மக்கள் பெரும்பான்மையாக எதிர்த்தபோதும், 1998 சனவரி 1இல் ஸ்காபரோ உள்ளிட்ட ஆறு நகராட்சிகள் ஒரே ரொறன்ரோவாக்கப்பட்டன. 2018இல், தேர்தல் பரப்புரை நடந்துகொண்டிருக்கையிலேயே, மாகாண அரசு சபையின் வட்டாரங்களை 47இலிருந்து 25ஆகக் குறைத்தது. 2021இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற தீர்ப்பில் அதனை ஏற்றது.

அவ்வாறாயின் நகராட்சி வாக்கு வீணோ? அன்று. வீதி, நூலகம், பூங்கா, குப்பை அகற்றல் யாவும் மாநகரசபையின் பொறுப்பே. ஆயினும் 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் ரொறன்ரோ வாக்காளருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே வாக்களித்தனர்.

சபை சேவை செய்கிறது; அதன் வடிவத்தை மாகாணம் தீர்மானிக்கிறது. ஆகவே 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனும் குடிமகளும் இரு தேர்தல்களிலும் வாக்களித்தல் கடமையாகும். வாக்களிக்காத வீட்டின் குரல் எந்தச் சபையிலும் ஒலிப்பதில்லை.