அயல்நாட்டுப் படிப்பும் மருத்துவக் கல்லூரி வாயிலும்
(இத்தலாரில் நடைபெற்ற வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

மூடுபனி இறங்கும் இவ்வேளையிலும், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கேரட்டுத் தோட்டத்து மண்ணைக் கழுவிவிட்டு, இவ்வரங்கிற்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்கும் உரிமை நமக்கில்லை. ஆகவே வாழ்த்துரையாக அன்றி, பயனுரையாக ஒரு செய்தியைப் பேச விழைகின்றோம். வேற்றுநாட்டிற் கற்ற கல்வியைக் கொண்டு மருத்துவக் கல்லூரியின் முன்தகுதியை நிறைவு செய்ய இயலுமா? இயலும் எனில், எவ்வாறு? இவ்வினா நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. இதனால் நாம் இழந்தவை பல.

நோய் தீர்க்கும் கலை நமக்கு அயலானதும் அன்று. 1845இல் பிறந்து, இளமையை இந்நீலகிரியிற் கழித்து, இம்மலையிலேயே சபை கண்ட அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர். நம் முன்னோருள் ஒருவர் நாடி பிடித்து நோய் தீர்த்திருக்க, நம் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரி வாயிலில் ஏன் தயங்கி நிற்க வேண்டும்?

இங்குள்ளோரிற் பலர் கடல் கடந்து வந்த குடும்பத்தினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்பாடு, ஏறத்தாழ 9,75,000 மலையகத் தமிழரைக் கணக்கில் எடுத்து, அவருள் 5,25,000 பேரை இந்தியாவிற்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பகுத்துக்கொண்டன. தாயகம் திரும்பியோருக்கு வேலை தரும்பொருட்டே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் இம்மாவட்டத்தில் தொடங்கிற்று. அதுவே 1976 முதல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக இயங்குகிறது. வந்தோருக்கு வேலை கிடைத்தது. லயத்து வீடு கிடைத்தது. ஆனால் அவர்தம் பிள்ளைகள் பெட்டியிற் கொண்டுவந்த கல்விச் சான்றிதழை யார் மதித்தனர்?

அக்காலத்தின் குழப்பத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இலங்கையில் 1970களின் நடுவிற் பழைய பொதுத் தராதரத் தேர்வை மாற்றி, 'தேசிய' என்னும் அடைமொழியுடன் புதுச் சான்றிதழைக் கொண்டுவந்தனர். ஆட்சி மாறியதும் சில ஆண்டுகளுக்குள் பழைய முறைக்கே மீண்டனர். இங்கோ, பதினோராண்டுப் பள்ளிப் படிப்பும் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் இருந்த நிலை மாறி, 1978இல் மேல்நிலைக் கல்வி புகுந்தது. அங்கே ஏணியின் படிகள் மாறின, இங்கேயும் மாறின. இரண்டு ஏணிகளுக்கும் இடையே நின்ற குழந்தைக்குக் கால் வைக்க இடமில்லை.

இக்கூட்டத்தின் முன்வரிசையில் நம் அக்கா ஒருவர் அமர்ந்திருக்கிறார். பெயர் கூற வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார்; கதையைக் கூற இசைந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 1979இல் பெற்றோருடன் வந்தவர். தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் நாட்டில், நகரத்துப் பள்ளிக்கு நாள்தோறும் நடந்து படித்து, அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்றவர். இங்கு மேல்நிலை அறிவியற் பிரிவிற் சேரச் சென்றபோது, "இந்தச் சான்றிதழ் நம் பத்தாம் வகுப்பிற்கு இணையா? எழுதி வாங்கி வா" என்றனர். எங்கே எழுதி வாங்குவது என்பதைக் கூறுவார் எவருமிலர். தந்தையார் கூலி இழந்து ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு அலைந்தார். பதினான்கு திங்கள் கழித்துத் தாள் வந்தது. அதற்குள் அறிவியற் பிரிவில் இடமில்லை. மருத்துவராக எண்ணிய அப்பெண் கிராம சுகாதார செவிலியரானார். முப்பதாண்டுகள் மலைச் சரிவெங்கும் நடந்து, நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார். பேறுகாலத் தாய்மாரைக் காத்தார். அப்பணி உயர்ந்தது, அதனை நாம் போற்றுகிறோம். எனினும் அவர் அப்பணியைத் தாமாகத் தேர்ந்தெடுத்தாரில்லை. தாள் ஒன்று தாமதித்தமையால் அது அவருக்கு வாய்த்தது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

மற்றொரு தாளும் அந்நாளில் நம்மை வருத்தியது. இலங்கை ஆவணங்களிற் சாதி குறிக்கப்படுவதில்லை. அதனால் தாயகம் திரும்பிய ஆதிதிராவிடக் குடும்பங்கள் சாதிச் சான்றிதழ் பெறப் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. ஊரில் இழிவு செய்வதற்குச் சான்று கேட்காத உலகம், உரிமை தருவதற்கு மட்டும் சான்று கேட்டது!

பழங்கதை போதும், இன்றைய நிலைக்கு வருவோம். இன்று நம் இளைஞர் வளைகுடா நாடுகளிற் பணிபுரிகின்றனர். பிள்ளைகள் அங்கே படிக்கின்றனர். இங்கே இடம் கிட்டாதோர் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளை நாடுகின்றனர். ஆகவே மூன்று வினாக்களை எப்போதும் மனத்திற் கொள்ளுங்கள். படித்த படிப்பு எந்நிலைக்கு இணை? அதில் வேண்டிய பாடங்கள் உள்ளனவா? அதனை ஏற்கும் அதிகாரம் யாருக்குரியது?

முதலாவது, நிலை. அயல்நாட்டுப் பள்ளி இறுதித் தேர்வு நம் பன்னிரண்டாம் வகுப்பிற்கு இணையா எனக் கூறுவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925இல் பல்கலைக்கழகங்களிடை வாரியமாகத் தோன்றி, 1973இல் இப்பெயர் பெற்ற அமைப்பு அது, தலைமையகம் புதுதில்லி. இணைச் சான்றிதழுக்குத் தேர்வு முடிந்தவுடனேயே விண்ணப்பித்தல் வேண்டும். கலந்தாய்வு அறிவிப்பு வந்தபின் ஓடுவது, பேருந்து புறப்பட்டபின் பயணச்சீட்டுக்குச் சில்லறை தேடுவது போன்றதாகும்.

இரண்டாவது, பாடங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிர்த்தொழில்நுட்பம், இவற்றுடன் ஆங்கிலம், இவை இன்றியமையாதன. மூன்று அறிவியற் பாடங்களிலும் தேர்ச்சி பெற வேண்டும். அயல்நாட்டு முறைகளில் மாணவர் தாம் விரும்பும் மூன்று நான்கு பாடங்களை மட்டும் எடுப்பதுண்டு. ஒருவர் உயிரியலை விட்டுக் கணிதம் எடுத்திருப்பார். மற்றொருவர் மேல்நிலையில் ஆங்கிலமே படித்திரார். பாடம் தேர்ந்தெடுக்கும் அந்நாளிலேயே இதனை எண்ணுதல் வேண்டும். ஒருவேளை உயிரியலைத் தவறவிட்டாலும் மனந்தளர வேண்டா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தின் வழியே உயிரியலைக் கூடுதற் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் தேர்வு எழுதலாமெனத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்துள்ளது.

நுழைவுத்தேர்வு வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கு நாட்டில் நடக்கின்றது. அதில் நமக்கும் கருத்துண்டு. ஆயினும் வழக்கு முடியும்வரை நம் பிள்ளையின் வயது காத்திராது.

ஈண்டு பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்குள்ள அரசுப் பள்ளியிற் படித்தவர்க்கே அது உரியது. நடுவில் இரண்டாண்டு வெளிநாட்டுப் பள்ளிக்கு அழைத்துச் சென்றால் அவ்வுரிமை போய்விடும். பட்டியல் வகுப்பினர்க்குரிய 18 விழுக்காட்டு ஒதுக்கீடு வேறு. அது பள்ளியைச் சார்ந்ததன்று. எனினும் பிற இடங்களிற் படித்தோர் இருப்பிடச் சான்றிதழும் காட்ட வேண்டியிருக்கும். எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஏற்கும் அதிகாரம். இதில்தான் நம்மவர் பலர் ஏமாறுகின்றனர். பிலிப்பைன்சு நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே மருத்துவப் படிப்பு என்பது பட்டப் படிப்புக்குப் பின்னர்த் தொடங்குவது. முதலில் உயிரியல் போன்ற பாடத்தில் இளநிலை அறிவியல், பின்னர் நுழைவுத்தேர்வு, அதன்பின் நான்காண்டு மருத்துவம். அந்நாட்டில் அந்த இளநிலைப் படிப்பு முறையான முன்தகுதியே. ஆனால் 2021 நவம்பர் 18இல் நம் ஆணையம் வெளியிட்ட விதிகள், அயல்நாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 திங்கள் இருக்க வேண்டும், அந்நிறுவனத்திலேயே 12 திங்கள் பயிற்சி பெற வேண்டும், ஆங்கிலத்திற் கற்பிக்க வேண்டும், அந்நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி பெற வேண்டும் என்கின்றன. நான்காண்டு என்பது 48 திங்கள். ஆறு திங்கள் குறைகிறது. இளநிலைப் படிப்பைச் சேர்த்துக் கணக்கிடலாமா எனில், அது மருத்துவப் படிப்பாகாது என ஆணையம் கூறிவிட்டது. அந்நாளுக்கு முன் சேர்ந்தோர் மட்டும் விலக்குப் பெற்றனர். ஒரு நாட்டில் வாயிலைத் திறக்கும் திறவுகோல் மற்றொரு நாட்டில் வெறும் இரும்புத் துண்டாகலாம். இடைத்தரகர் காட்டும் வண்ணத் துண்டறிக்கையில் இச்செய்தி இராது.

அயல்நாட்டில் மருத்துவம் பயில 2018 முதல் நீட் தேர்ச்சியும் வேண்டும். திரும்பி வந்தபின் 2002 முதல் நடைபெறும் தகுதித் தேர்வில் 300க்கு 150 மதிப்பெண் பெற வேண்டும். இங்கும் ஓராண்டுப் பயிற்சி முடிக்க வேண்டும். நிலத்தையும் நகையையும் அடகு வைக்குமுன் இவற்றை வீட்டார் அனைவரும் அமர்ந்து பேசுங்கள்.

இத்தொல்லை நமக்கு மட்டுமே உரியதென எண்ணற்க. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குமுன் பட்டப் படிப்பு வேண்டும். ஆய்வகத்துடன் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவை வேண்டும். பிறநாட்டுக் கல்லூரியில் அவற்றைப் படித்தவரை, அமெரிக்க அல்லது கனடியக் கல்லூரியில் மீண்டும் படித்து வருமாறு அங்குள்ள பல மருத்துவக் கல்லூரிகள் கூறுகின்றன. கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு. ஆகவே சேருமுன் அந்தந்தக் கல்லூரிக்கே கடிதம் எழுதி, விடையை எழுத்திற் பெற்றுக்கொள்வதே அறிவுடைமை. வாய்ச்சொல் பயன்படாது.

அண்ணல் அம்பேத்கர் வாழ்வு இதில் நமக்கு வழிகாட்டும். 1913இல் பரோடா உதவித்தொகையுடன் கொலம்பியா சென்றார்; 1916இல் இலண்டன் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. அப்போது அவர் செய்தது யாது? நான்காண்டுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்னும் இசைவைப் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டே கப்பலேறினார். 1920இல் மீண்டும் சென்று, 1923இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். துயரத்தின் நடுவிலும் ஒரு தாளைக் கேட்டுப் பெற மறவாத அந்த விழிப்பை நாம் கற்க வேண்டாவா?

ஆதலின் இவ்வெள்ளி விழாவில் மூன்று தீர்மானங்களை முன்வைக்கின்றோம். ஒன்று: ஒன்பதாம் வகுப்பை எட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சங்கத்தில் ஒரு கோப்பு. பிறப்பு, சாதி, இருப்பிடம், வருமானம் பற்றிய சான்றுகளும், தாயகம் திரும்பிய குடும்பமாயின் அக்காலத்து ஆவணங்களின் படிகளும் அதில் இடம்பெறட்டும். இரண்டு: வெளிநாட்டிற் படிக்கும் அல்லது படிக்கவிருக்கும் பிள்ளையின் பெற்றோர் முன்கூட்டியே சங்கத்தில் தெரிவிக்கட்டும், விதிகளைப் படித்துக் கூற இரு இளைஞர் பொறுப்பேற்கட்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறுமாதலின், ஆண்டுதோறும் படிக்கட்டும். மூன்று: அக்கோப்பறைக்கு நாம் குறிப்பிட்ட அக்காவே பொறுப்பாளராக அமரட்டும். தாளின் அருமையை அவரைவிட அறிந்தார் யார்?

இங்கிருந்து பேருந்தேறினால் உதகை. அங்கே 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, ஆண்டிற்கு 150 இடங்களுடன் நிற்கின்றது. நம் பாட்டன்மார் காலத்தில் மருத்துவம் படிக்கச் சென்னை செல்ல வேண்டும். இன்று கல்லூரி நம் மலைக்கே வந்துவிட்டது. அதன் வாயிலில் நம் பிள்ளை நிற்கும்போது, அறிவிற் குறையென்று எவரும் திருப்பியனுப்ப நம் பிள்ளைகள் விடமாட்டார்கள். தாளிற் குறையென்று திருப்பியனுப்ப நாம் விடலாகாது.

அக்கா இழந்த அப்பதினான்கு திங்களை எவராலும் மீட்டுத்தர இயலாது. இனி ஒரு குழந்தைக்கும் அவ்விழப்பு நேராமற் காக்க நம்மால் இயலும். அதுவே இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.