தீயை ஆளும் தொல்குடியினர்

ஆத்திரேலியாவின் வடபாலுள்ள மேற்கு ஆர்னெம் நிலத்தை எண்ணிப் பாருங்கள். கடந்த நூற்றாண்டில் அதன் தொல்குடியினர் கிறித்தவப் பணியிருப்புகளுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்தனர். வறட்காலக் கடைசியில் எழும் பெருந்தீ காட்டைத் தின்றது. வெறுங்காடென்று வேற்றார் எண்ணினர்போலும். அது ஆள்வாரை இழந்த காடு!

ஓவியரும் முதுபெரியவருமான பர்தயால் நச்சமெரெக்கு முதலானோர் மண்ணுக்குத் திரும்பினர். 2007இல் வார்டெக்கன் என்னும் நிலக்காப்பு அமைப்பு உருவாயிற்று. புல் முற்றக் காயுமுன்பே அங்கங்கே சிறுதீ மூட்டிப் பெருந்தீக்கு இரையில்லாமற் செய்வது முன்னோர் முறை. இளைஞர் அதனை முதியோரிடம் கற்கின்றனர். உலங்கூர்தியிலிருந்து தீயிடவும், செயற்கைக்கோட் படங்களால் தீயின் போக்கறியவும் உடன் பழகுகின்றனர். ஊதியமும் உண்டு.

ஆயினும், பள்ளியை நாடிப் பிள்ளைகள் வெளியேறின், அக்காட்டு மரஞ்செடிகளின் தாய்மொழிப் பெயர்களை அறிவார் யார்? அதனால் 2015இல் கபுல்வார்னம்யோ என்னும் காட்டூரிலேயே பள்ளி தொடங்கினர். ஆங்கிலத்தோடு அவர்தம் தாய்மொழியும் அங்கே பாடம். முதியோரும் உடனிருந்து கற்பிக்கின்றனர்.