கழிவுநீரில் ஓடும் சேகோ ஆலைகள்



சேலத்திலிருந்து ஆத்தூர் பக்கமோ ராசிபுரம் பக்கமோ போகிறவர்கள், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை எங்கே இருக்கிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. புளித்த வாடையே சொல்லிவிடும். இன்று சில ஆலைகளில் அந்த வாடை இல்லை. காரணம், ஒரு மூடிய கலன்.

குச்சிக்கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, அலசி மாவைப் படியவிடுகிறார்கள். சக்கையான திப்பி மாட்டுத் தீவனமாகிவிடுகிறது. மேலே தெளியும் தண்ணீருக்குத்தான் போக்கிடம் இல்லை. அதில் மாவுச்சத்தும் புளிப்பும் மிச்சம். திறந்த குட்டையில் தேக்கினால் அழுகி மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. வெளியே விட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு கெடும். அதே தண்ணீரைக் காற்றுப் புகாமல் அடைத்தால், கிளம்பும் வாயு ஆலையின் ஜெனரேட்டரை ஓட்டும், ஜவ்வரிசியைக் காயவைக்கும். விறகுச் செலவும் மின் கட்டணமும் குறையும்.

ஒரு சிக்கல். கிழங்கு வரத்து ஆண்டு முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. வரத்து குறைந்தால் கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்குப் பட்டினிதான். நாமக்கல்லில் இதற்கு வழி இருக்கிறது: கோழி எரு. அதை மட்டும் போட்டால் நைட்ரஜன் மிகுந்து அம்மோனியா நுண்ணுயிர்களை முடக்கும். ஆலைக் கழிவோடு கலந்தால் இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். முட்டைக்கும் ஜவ்வரிசிக்கும் பேர்போன ஊரில் இந்தக் கூட்டுச் சேர்க்கை அமைந்தது அதிர்ஷ்டம்தான்.

ஆனால் கோழி எரு யாரும் சீந்தாத குப்பையல்ல. உழவர்கள் லோடு கணக்கில் விலைகொடுத்து வயலில் கொட்டுவது அது. வாயு ஆலைகள் போட்டிக்கு வந்தால் விலை ஏறும். ஆகவே வாயு எடுத்தபின் மிஞ்சும் கரைசல், எருவாக நியாயமான விலையில் வயலுக்குத் திரும்ப வேண்டும். அதிலுள்ள தழைச்சத்து பெரிதும் அப்படியே இருக்கும். நாமக்கல் மாவட்டத்துப் புதுச்சத்திரத்தில் 2020-இல் தொடங்கிய, நாளுக்கு 15 டன் திறனுள்ள அழுத்தப்பட்ட உயிரிவாயு ஆலை எரிபொருளோடு இயற்கை உரமும் தயாரிக்கும்படியே அமைக்கப்பட்டது.

சிறிய ஆலைக்காரர்களுக்குத் தனிக் கலன் கட்டக் கைமுதல் இல்லை. ஆலை அதிபர்களுக்கு 1981-இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நான்கைந்து ஆலைகளுக்குப் பொதுவாக ஒரு கலன் கட்ட அந்த அமைப்பே முன்வரலாம். அப்போது இரண்டு கேள்விகளை முதலிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது: கலன் யார் வீட்டுக் கிணற்றுப் பக்கம் வரப்போகிறது? மிச்சமாகும் பணத்தில், மாவுச்சத்தின் பாயிண்ட் கணக்கில் கிழங்கு விற்கும் விவசாயிக்கு ஏதாவது கூடுமா?