ஒரு சந்தம், பல மெட்டுகள்

திண்டுக்கல் வழியே பழனிக்கு நடப்போர் நன்கறிந்த பாட்டு, அருணகிரிநாதரின் 'நாத விந்து'. 15ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய மெட்டு நமக்குக் கிட்டவில்லை. வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஏடுகளைத் தேடித் திரட்டி, 1894இல் திருப்புகழின் முதற்பகுதியை அச்சேற்றினார், சந்தம் பிழைத்தது. மெட்டோ பாடுவோர் பொறுப்பாயிற்று. செஞ்சுருட்டியில் கேட்டுப் பழகிய செவிக்கு வேற்று இராகம் முதலில் உறுத்தும். ஆயினும், குறிலும் நெடிலும் வகுத்த நடை மாறுவதில்லை.

அமெரிக்க ஜாஸ் இசையிலும் இதற்கு உறவுண்டு. ஜானி கிரீன் 1930இல் அமைத்த 'பாடி அண்ட் சோல்' மெட்டைக் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939இல் சாக்சபோனில் பதிவு செய்தார். தொடக்கத்தில் மெட்டைத் தொட்டுவிட்டு அகன்றார். அடியிலிருந்த சுர அடுக்குகளை மட்டும் விடவில்லை. அவர் இருந்ததை விடுத்தார். நாம் இழந்ததைப் புனைந்தோம். பழைய மெட்டு கிடைத்திருந்தால் இத்தனை பதிவுகள் தோன்றியிருக்குமா என்பது என் ஐயம். மாணவர்களே, இராகத்தை மறந்து, கையால் தாளமிட்டு அப்பாட்டை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.